தொண்ணூற்றொன்று

காலை ஆறு இருபது. மைனஸ் பதினொன்று.
வெஸ்ற்னி றோட் பெற்றோல் செட்டில் நிற்கிறேன்,
முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க
எட்டுப் பேரைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்த முதுகோடு.
பம்பில் மூன்று பொத்தான்கள்:
எண்பத்தேழு, எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று.
நடுப் பொத்தானை யார் அமத்துகிறார்கள் என்று
பதினெட்டு வருசமாகியும் எனக்குத் தெரியாது.

கார் சிவப்பு. இரண்டே இருக்கை.
என் கைக்கு வந்தபோது அதற்கு ஒன்பது வயது,
எனக்கு நாற்பத்தேழு.
வாங்குவதை வங்கிக்குச் சொன்னேன், பிறகு மகனுக்கு.
மற்றவர்கள் தாங்களாகவே கண்டார்கள்,
கோயில் வாகனத் தரிப்பிடத்தில்.

தாங்கி மூடியின் உட்புறம் பொடி எழுத்து:
தொண்ணூற்றொன்று விரும்பத்தக்கது.
கட்டாயம் என்றில்லை. விரும்பத்தக்கது.
கலியாணக் காட்டில்
'பெட்டிப் பரிசுகளைத் தவிர்க்கவும்' என்று போடுவதுபோல.
விளங்குகிறவருக்கு விளங்கும்,
காசு கேட்கிறார்கள்.

"விசரே உனக்கு?" என்றார் அத்தான் கிருபைநாதன்.
"லீற்றருக்கு முப்பது சதம் கூட.
நாற்பது லீற்றருக்குப் பன்னிரண்டு டொலர்.
ரெண்டு தரம் அடிக்கிற காசில ஒரு மூட்டை சம்பா."
அவருடைய வானுக்கு எதை ஊற்றினாலும் ஓடும்.

கராஜ் நவதீபன் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான்:
"அக்கா, விலை கூடினது வேகமெண்டு நினைக்காதேங்கோ.
அது வெறும் பொறுமை.
பிஸ்டன் நெரிக்க நெரிக்க, பொறி வரும்வரைக்கும்
பத்தாமல் கிடக்கும்.
மலிஞ்சது அவசரக்குடுக்கை. முந்திப் பத்தும்.
உள்ளுக்குள்ள ஆரோ கதவு தட்டுறமாதிரிக் கேக்கும்."

"பழுதாகுமோ?"

"ஆகாது. இந்தக் காருக்குக் காது இருக்கு.
தட்டுற சத்தம் கேட்டவுடன
தன்ர பலத்தைத் தானே கொஞ்சம் குறைச்சுக்கொள்ளும்.
ஓடும். உங்களுக்குத் தெரியவும் வராது."

கழற்றி வைத்த சில்லொன்றைப் பார்த்தபடி
கனநேரம் நின்றேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று
என் ஓட்டோகிராப் கொப்பியில் நாலு பேர் எழுதினார்கள்.
பொறுமைக்கு லீற்றருக்கு முப்பது சதம் கூடுதல் என்று
ஒருவரும் எழுதவில்லை.

பிறகு நானே சோதித்தேன்.
ஒரு மாதம் எண்பத்தேழு, ஒரு மாதம் தொண்ணூற்றொன்று.
கிலோமீற்றர், லீற்றர், அன்றைய குளிர்,
எல்லாவற்றையும் சின்னக் கொப்பியில் எழுதினேன்.
நூறு கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குறைகிறது.
எழுபத்தைந்து சதம் மிச்சம்;
அதைப் பிடிக்க மூன்று டொலர் செலவு.
அத்தான் வென்றார்.
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்றில் எனக்குப் பதின்மூன்று வயது.
யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருசம்.
அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது.
கிளப்புவதற்கு மட்டும் சேலைன் போத்தலிலிருந்து
நாலு சொட்டுப் பெற்றோல்,
கண்ணுக்கு மருந்து விடுவதுபோல.
வெள்ளைப் புகை. டொக் டொக் டொக்.
அதற்குக் காது கிடையாது.
தட்டத் தட்ட ஓடி, ஒருநாள் மருதனார்மடச் சந்தியில்
பிஸ்டன் இறுகி நின்றது.

கொப்பியில் இன்னொன்றுக்கும் நிரல் இல்லை.
நானூற்றொன்றில் ஏறும் வளைவு,
மூன்றாம் கியர், யாரும் முன்னால் இல்லை,
முதுகை இருக்கை வாங்கிக்கொள்ளும் நாலு விநாடி.
எண்பத்தேழிலும் அது வரும்.
வரும், ஆனால் யோசித்து வரும்.

இன்று சம்பள நாள்.
கையுறையைக் கழற்றி வலப்பக்கப் பொத்தானை அமத்துகிறேன்.
அடுத்த கிழமை எண்பத்தேழாகவும் இருக்கலாம்.

நாற்பத்தொரு லீற்றரில் குழாய் தானே நின்றது.
எடுக்கும்போது விளிம்பில் மூன்று தரம் தட்டுகிறேன்,
உள்ளே ஒரு சொட்டும் மிஞ்சாதபடி.
பக்கத்துப் பம்பில் நின்ற பெடியன்
என் காரைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தான்.