ஈரக் கழிவு

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடையில்
கணக்கெழுதுகிறேன்.
சரியாக உலராத ஷீட் என்றால்
எடையில் கொஞ்சம்
ஈரத்துக்கென்று கழிப்போம்.
கொண்டுவந்தவர் முகம் சுருங்கும்.
முதலாளி தராசைக் கைகாட்டுவார்.

ஷிபினுக்கு ஓசூரில் வேலை வந்திருக்கிறது.
சம்பளம் இரட்டிப்பெல்லாம் இல்லை, ஒன்றரை மடங்கு.
வாடகை போனால் ஒன்றேகால்.
குடிதண்ணீர் கேன், பள்ளி வேன் என்று
அதுவும் கீழே இறங்கும்.
இங்கே ஆனி மாதக் கிணற்றில்
குனிந்தே கோரலாம்.
ஆனால் அதே மழையில் பால்வெட்டு இல்லை,
கடைக்கு ஷீட் வராது,
எனக்குப் பாதிச் சம்பளம்.
மழையை எந்தத் தட்டில் வைக்க?

பேச்சிப்பாறை பஸ்ஸில்
செல்லபாய் அக்கா தினமும் கேட்பாள்:
"ரெண்டாவது ஒண்ணும் ஆவல்லியா பிள்ளே?"
ஓசூர் பஸ்ஸில் அவள் இருக்க மாட்டாள்.
இது ஒன்றே மாதம் ஐந்நூறு ரூபாய் பெறும்
என்று பழைய பில்லின் முதுகில் எழுதினேன்.
போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது
கஞ்சியும் பயறும் கொண்டுவந்தவளும் அவள்தான்.
அடித்துவிட்டு
முந்நூறு என்று எழுதினேன்.

நேற்று சாயங்காலம்
ஓசூர் வீட்டுக்காரர் போனில் கேட்டார்:
"மீன் சமைப்பீங்களா?"
ஒரு கையில் போன்.
மறுகையில் பாதி கழுவிய சாளை,
வளையலெல்லாம் செதில்.
"எப்பவாவது சார்" என்றேன்.

அந்தப் பொய்
யோசிக்காமல் வந்தது.

ஷிபின் இன்னும்
நோட்டில் கோடு போட்டு
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு நாள் எழுதட்டும்.