மாதிரி எண் 41

நானுஓயா ஸ்டேசனுக்குக் கீழே
ஏழு பேர்ச் காணி கிடைத்தது பாக்கியவதிக்கு.
லீக்ஸ் போடக் கொத்தினாள்,
மண்வெட்டி கிறீச்சென்றது.
ஒரு முழ ஆழத்துக்குக் கறுப்பு.
கரிக்கோச்சி நின்றுபோன நாளோடு
எல்லாரும் மறந்துபோன கறுப்பு.

பால்மா பையில் கட்டிக்கொண்டு வந்து
என் மேசையில் வைத்தாள்.
"இது மண்ணா மிஸ், சாம்பலா?"
படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.

முதலில் காந்தம்.
தாளுக்கடியில் மெல்ல இழுத்தேன்;
சில துகள்கள் எழுந்து நின்று
பெரட்டுக்குப் போவதுபோல்
வரிசையாய்ப் பின்னால் போயின.
இரும்பு.

பிறகு உலை. எழுநூற்றைம்பது பாகை.
நூற்றில் பதினெட்டுப் பங்கு காணாமல் போனது.
அந்த ஏற்றத்தில், மூச்சுவாங்க,
சவளால் அள்ளிப் போட்ட எவனோ
எரிக்காமல் விட்ட கரி.
அறுபது வருடம் பிந்தி
நான் எரித்து முடித்தேன்.

மிச்சத்தில்
சிலிக்கா ஐம்பத்துநாலு,
அலுமினா இருபத்தேழு,
இரும்பு ஆக்சைட்டு ஒன்பது,
சுண்ணாம்பு கொஞ்சம், மக்னீசியம் அதிலும் கொஞ்சம்,
டைட்டானியம் பேருக்கு.
ஆர்சனிக் என் கருவிக்கு எட்டாது,
கொழும்புக்கு அனுப்பவேண்டும்,
அதற்கு வேறு காசு.

நுணுக்குக்காட்டியில் பாதிக்குமேல் கண்ணாடி:
உருகி, ஒரு வடிவம் எடுக்குமுன்
குளிர்ந்துவிட்ட களிமண்.
நடுவே ஊசி ஊசியாய் முல்லைட்டு.
எந்த நெருப்புக்கும் அசையாத குவார்ட்ஸ்.

எரியக்கூடியது எரிந்து
நானுஓயாப் பனியோடு போய்விட்டது.
இது, வங்காளத்துப் பக்கம் ஏதோ சதுப்பில்
மரங்கள் கரியாகுமுன்
வெள்ளம் கொண்டுவந்து கலந்த சேறு.

"மண்தான்," என்றேன்.
"இந்த ஊர் மண்ணில்லை. கப்பலில் வந்தது."
எங்களைப்போல என்று
சொல்வாளென்று பார்த்தேன்.
"லீக்ஸ் வருமா?" என்றாள்.

போரன் கூடுதல். இந்தப் போகம் வேண்டாம்.
மேலே ஒன்றரை அடிக்கு நல்ல மண் போடுங்கள்,
கொழும்புக் கடிதம் வரட்டும்.
ட்ராக்டர் மண் என்ன விலை என்று
விரல்விட்டு எண்ணினாள்,
பாதியில் நிறுத்தினாள்.

"மிச்சத்தைத் தாங்க மிஸ்.
கக்கூசுக்குப் போற வழி மழைக்கு வழுக்குது."

பையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.
புடக்குகையின் அடியில் மட்டும்
செங்கல் நிறத்தில் ஒரு வட்டம்.
அமிலத்தில் ஊறப்போட்டேன்.
அடுத்த நாளும் இருந்தது.