கிறீச்

லாபிஸ் பூப்பந்து மண்டபத்தில்
பச்சைக் கோடுகளின்மேல் ஆடுகிறோம்.
செம்பனை ஆலை ரோட்டு மண்
இன்னும் என் இடது சக்கரத்தில்.

திரும்பும்போதெல்லாம்
கிறீச் என்கிறது நாற்காலி.
முன்வரிசை முகம் சுளிக்கிறது.
கியோக் லானுக்குக் கேட்காது.
அவள் தாளம் என் தோள்பட்டையில்:
நான் மூச்சிழுத்தால் ஒன்று,
விட்டால் இரண்டு,
மூன்றில் மடியேறி
முழு எடையையும் வைப்பாள்,
அரிசி மூட்டை இறக்குகிற மாதிரி.
தொடையில் எனக்கு உணர்வில்லை.
சக்கரத்தைப் பிடித்த கைக்குத்தான் தெரியும்
அவள் கனம்.

நேற்று ஒத்திகையில் எண்ணெய் போடப் போனேன்.
வேண்டாம் என்ற ரொசித்தா
அந்த இடத்தில் இசையை நிறுத்திவிட்டாள்.
இப்போது மண்டபம் முழுக்க
என் சக்கரம் மட்டும்.

சேமநிதிப் பாரத்தில் தொழில்: நடனம்.
முழங்கை நீலம் சாட்சி.

முடிந்ததும் ஓர் அம்மா வந்து
என் உள்ளங்கையில்
பத்து வெள்ளியை வைத்து அழுத்தினார்.
"பாவம்மா நீ."

குழுவின் கணக்கும் நான்தான் பார்க்கிறேன்.
நாளைக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.
எட்டரைக்குக்கா.
முன்வரிசையில் உட்காராதீங்க,
காது கூசும்.