ஒரு தலை கூட

"பிஸி" என்றான் லெவின்.
மூன்றரை வயது. ஒற்றைக் காலில் நின்றபடி.
"நானும்தான் பிஸி" என்றேன்,
பதினொரு சோடிச் சப்பாத்து என் காலடியில் கவிழ்ந்து கிடக்க.
இன்னும் இரண்டு தரம் சொன்னான், மரியாதையாக.
பிறகு சொல்லவில்லை.
அவனுடைய இடது சப்பாத்துச் சொன்னது.

பேர்ண் பக்கத்தில் பிஸி என்றால் ஒன்றுக்கு.
ஆறு மாத டொச் வகுப்பில்
ஒருத்தரும் இதைச் சொல்லித் தரவில்லை.
வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வை என்றார்கள்.
வைத்துக் கேட்டேன்.
அதற்குள் நனைந்துவிட்டது.

அது முதல் புதன்.
தொழிற்சாலையில் என் புதன்கிழமைகளை வெட்டிவிட்டார்கள்.
வீட்டில் இருந்தால் சுவரோடு கதைப்பேன் என்று
தமயந்திதான் விண்ணப்பம் எழுதினாள்:
'பொறுமையானவர். பாரம் தூக்குவார்.'
இரண்டாவது உண்மை.

ஃப்ராவ் எக்லி ஒரு மஞ்சள் மேலங்கி தந்தாள்.
"ஒரே வேலைதான். தலையை எண்ணுங்கள்.
போகும்போது பன்னிரண்டு, வரும்போதும் பன்னிரண்டு."
எண்ணுவது மட்டும் எனக்குத் தமிழில்தான் வரும்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று
தொப்பி தொப்பியாய்த் தொட்டுக்கொண்டு போக,
மூன்றாம் கிழமை பிள்ளைகளுக்குப் பெயர் மாறிவிட்டது.
அனூக், நாலு. ஆர்பெர், ஒம்பது.
செல்மா சாப்பாட்டு மேசையில் எழும்பி நின்று
நான் செல்மா இல்லை, ஏழு, என்றாளாம்.
தாய் வந்து என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்,
அது எந்தச் சமயம் என்று.

தை மாதம். புர்க்டோர்ஃபில் பனி முழங்கால்வரை.
பனியுடுப்புக்குள் ஒரு பிள்ளையைப் போடுவது
தலையணைக்கு உறை போடுவது மாதிரி,
இந்தத் தலையணை உதைக்கும்.
கடைசியாக நீல்ஸின் ஸிப்பை இழுத்தேன்.
வந்துவிட்டது.
ஸிப் மட்டும், என் கையோடு.
சட்டை ஊசியால் குத்தினேன்,
என் காற்சட்டையையும் சேர்த்து.
ஊசி வளைந்துபோயிற்று. கழற்ற வரவில்லை.
ஒட்டிப் பிறந்தவர்கள் போலக் காட்டுக்குப் போனோம்.

காட்டில் நடந்ததைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன்.
மான் புழுக்கை, ஆறு உருண்டை.
யார் முதலில் கண்டது என்று ஒரு அடிதடி.
பொதுவான இடத்தில் வைத்தால் சண்டை தீரும் என்று
ஒம்பது முடிவெடுத்தான்.
பொதுவான இடம் என் தேத்தண்ணிப் போத்தல்.
கொஞ்சம் ஏலக்காய் கூடிப்போச்சு என்று நினைத்துக்கொண்டு
பாதி குடித்தேன்.

திரும்பி வந்து கதவடியில் எண்ணினேன்.
பத்து, பதினொண்டு, பன்ரெண்டு,
பதின்மூண்டு.
கடைசியிலிருந்து எண்ணினேன்.
பதின்மூண்டு.
குறைந்தால் என்ன செய்வதென்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது:
விசில், தொலைபேசி, பொலிஸ்.
கூடினால் ஒன்றும் எழுதவில்லை.
எல்லாருக்கும் மூக்கு மட்டும்தான் வெளியே,
எல்லா மூக்கும் ஒரே சிவப்பு.
"இதில் யார் எங்கட பிள்ளை இல்லை?" என்று கேட்டேன்.
பதின்மூன்று கை உயர்ந்தது.
நீல்ஸ் இரண்டு கையையும் தூக்கப் பார்த்தான்.

அப்போது ஒரு இளம் பெடியன் ஓடி வந்தான்,
என்னைப் போலவே மஞ்சள் மேலங்கி,
உதட்டில் எண்ணிக்கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.
வேறு குழு. அவனிடம் ஒன்று குறைவு.
ஹீட்டர் ஓரம் உட்கார்ந்து
அனூக்கின் அப்பிளைத் தின்றுகொண்டிருந்த ஒரு மூக்கைப் பார்த்து
"மத்தியா!" என்று கிட்டத்தட்ட அழுதான்.
மூக்கு தலையாட்டி மறுத்தது.
நெஞ்சில் தட்டிச் சொன்னது:
"பதின்மூண்டு."

விபத்துத் தாளை நிரப்பச் சொன்னார்கள்.
இழப்பு என்ற கட்டத்தில், ஸிப் ஒன்று.
வரவுக்குக் கட்டம் இல்லை.
போத்தலைப் பற்றி எழுதவில்லை, தமயந்தி டொச் வாசிப்பாள்.

யாரோ முழங்காலைத் தட்டினார்கள்.
லெவின். ஒற்றைக் காலில்.
இந்த முறை நான் ஒரு வினைச்சொல்லும் தேடவில்லை,
அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
இடுப்பில் குத்தியபடி
நீல்ஸும் ஓடி வந்தான்.