ஒரு நூல்

ராயக்கோட்டை தக்காளி மண்டித் தராசில்
கார்பன் ஹேண்டில்பாரை வைத்தேன்.
முள் அசையவே இல்லை.
"இல்லாத எடைக்கா இருபத்தெட்டாயிரம்?"
பெட்டி தூக்கப் போய்விட்டார் திம்மராயன்.

பாய் முடைந்தாற்போல் கட்டம் கட்டமாய்
வெயிலில் மினுங்கியது.
கட்டமெல்லாம் மேல்தோல்.
பாரம் தாங்கும் இழைகள் அடியில்
கோலமில்லாமல், ஒரே திசை பார்த்து,
வெறும் கறுப்பாய்க் கிடக்கும்.
தெரிந்துதான் வாங்கினேன்.

ஓசூர் சிப்காட் பின்சாலை.
முதல் ஷிப்ட் பஸ்கள் இன்னும் வரவில்லை.
நாகவேணி கையில் ஸ்டாப்வாட்ச்.
நின்ற நிலையிலிருந்து எழும்பி மிதித்தேன்.
இழுத்த இழுப்பில்
கார்பன் ஒரு நூல் வளைந்தது.
தொடையில் கிளம்பியது கொஞ்சம்
அந்த வளைவிலேயே தங்கிவிட்டது.

பிறகு பழைய இரும்பு:
பெயின்ட் உதிர்ந்து,
வெல்டிங் வைத்த இடம் கழலை மாதிரி வீங்கி.
இருநூறு மீட்டரில்
புள்ளி மூன்று நொடி முந்தியது.
நாகவேணி எண்ணைக் காட்டினாள்,
வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை பந்தயத்துக்கு இரும்புதான்.
அதற்கு முன், அணை மேல்
போட்டோ எடுக்க
கார்பனை மாட்டுகிறேன்.

கழற்றி மாட்ட இருபது நிமிடம்.
அதற்கும் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறாள்
நாகவேணி.