சர்வீஸ் நோட்டு

மேட்டூர் திறந்ததும் பிரேக் ஆயில்.
நாலு குறுவைக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்.
சம்பா அறுத்தால் எலிகள் வயலை விட்டு
பானெட்டுக்குள் குடிவரும்;
அப்போது ஒயரிங், புகையிலைத் தூள்.

கூத்தாநல்லூரில் இவ்வளவு தாழ்ந்த கார் இது ஒன்றுதான்.
வேகத்தடையைக் கோணலாக ஏறும்,
நண்டு மாதிரி.

வாங்க வந்தவர் நோட்டைப் புரட்டினார்.
இருபத்தாறு வருஷம்,
மாற்றிய ஒவ்வொரு ஹோஸும் தேதியோடு.
"நடுவழியில் எப்பவாவது நின்னிருக்கா?"

ஒரே தடவை.
வடபாதிமங்கலம் ரோட்டில் அடிபடப் பரப்பியிருந்த
உளுந்துச் செடி அச்சில் சுற்றி,
புகை.
செடிக்குச் சொந்தக்காரி தவமணி
திட்டிக்கொண்டே அடியில் படுத்து
அரிவாளால் அறுத்தெடுத்தாள்.

அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.
பெயின்ட் அடிக்கவில்லை,
துரு மட்டும் துடைப்பேன்.

நோட்டில் அது இல்லை.
அவரிடம் விலையும் சொல்லவில்லை.