இருபது–ஐம்பது

புளியரை செக்போஸ்டில்
வரிசையில் நிற்கும்போதுதான்
அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டும்.
ஓடினால் அணைந்துவிடும்.
நின்றால்தான் அதற்குப் பயம்.

எண்பத்தேழாம் வருஷத்துப் பத்மினி.
பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
தென்மலைவரை வாழையிலைக் கட்டு ஏற்றுகிறேன்.

செங்கோட்டைக் கடையில் மைதீன் பிச்சை
தங்க நிற டப்பாவை எடுத்து வைத்தான்.
'சிந்தெடிக் அண்ணாச்சி. தண்ணி மாதிரி ஓடும்.'
ஓடத்தான் செய்தது,
மூன்றாம் நாள் சீல் வழியாக
வாசல் சிமெண்டுக்கு.

செல்வகனி ஓர் அட்டையை அடியில் விரித்து
ஒவ்வொரு சொட்டையும் பென்சிலால் வட்டமிட்டாள்.
பக்கத்தில் தேதி.
என் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும்
அவள்தான் தேதி போட்டு அடுக்குகிறாள்.

ஆரியங்காவு ஷிபு
குச்சியை உருவி, இரு விரலால் தேய்த்துப் பார்த்தான்.
'புது வண்டிக்குள்ளது இது.
உள்ளே தேய்ஞ்சு இடம் விட்டாச்சு சேட்டா.
கட்டியா ஊத்தணும். இருபது–ஐம்பது.'
நாலு லிட்டர். பாதி விலை.

அதே வாரம் புனலூரில் டாக்டரம்மா சொன்னாள்:
ரத்தம் உறைகிறது,
இளக வேண்டும்,
தினம் ஒரு மாத்திரை, ராத்திரி.

எங்கள் இருவருக்கும் ஒரே வயசு என்று
யாரிடமாவது பொய் சொல்லலாம்போல் இருந்தது.

இன்று செக்போஸ்டில் இருபது நிமிஷம்.
விளக்கு எரியவில்லை.
காலையில் இலை நறுக்கிய கத்தி
விரலில் லேசாகத்தான் பட்டது,
இன்னும் நிற்கவில்லை.
ஆயில் குச்சி துடைக்கிற துணியைச்
சுற்றிக்கொண்டு
முதல் கியர் போட்டேன்.